உதவிபெறும் கல்லூரியா, சுயநிதியா? அரசுப் பணம் எங்கே, யாருக்குப் போகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகள் கிளம்பிவிடும். தனியார் அறக்கட்டளைகள் நடத்தும் கல்லூரிகளுக்கு மாநில அரசு என்ன கொடுக்கிறது, அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்று பலரும் பல விதமாகக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

"அரசு உதவிபெறும் கல்லூரி" என்றால் என்ன? அது அரசுக் கல்லூரியா, தனியார் கல்லூரியா?

தனியார் கல்லூரிதான். கட்டடம், நிலம், நிர்வாகம் எல்லாம் ஓர் அறக்கட்டளையுடையது, சங்கத்துடையது அல்லது மறைமாவட்டத்துடையது. முதல்வரையும் ஆசிரியர்களையும் நியமிப்பது கல்லூரிக் குழு. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களில் இருப்பவர்களுக்குச் சம்பளம் அரசின் மானியத்திலிருந்து வருகிறது. ஓய்வுபெற்றவர்களுக்கான ஓய்வூதியமும் அப்படியே.

சென்னை லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, பச்சையப்பன், திருச்சி செயின்ட் ஜோசப், மதுரை அமெரிக்கன் கல்லூரி எல்லாம் இந்த வகை. பொறியியலில் மாநிலம் முழுக்க மூன்றே மூன்று: கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி.

தனியாருக்கு அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

இந்த வழக்கம் சுதந்திரத்துக்கு முந்தையது. 1854இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, எல்லாப் பள்ளி கல்லூரிகளையும் அரசே கட்டுவதைவிட, ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு நிபந்தனைகளோடு மானியம் கொடுக்கலாம் என்றது. சென்னை மாகாணத்தில் மிஷனரிகளும் உள்ளூர்ச் செல்வந்தர்களும் ஏற்கெனவே அந்த வேலையில் இறங்கியிருந்தார்கள். பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளையிலிருந்து 1842இல் முளைத்த பள்ளிதான் பின்னாளில் பச்சையப்பன் கல்லூரி ஆனது. அரசுக்குக் கட்டடச் செலவு மிச்சம், அறக்கட்டளைக்குச் சம்பளச் செலவு மிச்சம். இந்த ஏற்பாடுதான் ஏறத்தாழ அப்படியே இன்றுவரை ஓடுகிறது.

இப்போது இதற்கான சட்டம், 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். கல்லூரிக் குழு எப்படி அமைய வேண்டும், மானியத்தை எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு அதில் முக்கியமான ஒரு பாதுகாப்பு உண்டு: உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் நிர்வாகம் ஓர் ஆசிரியரை வேலையை விட்டு நீக்க முடியாது. சிறுபான்மைக் கல்லூரிகளைப் பொறுத்தவரை இதில் சில பிரிவுகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்று நீதிமன்றங்களில் வழக்கு மேல் வழக்கு நடந்திருக்கிறது.

அந்த மானியம் எதற்கெல்லாம் வரும்? கட்டடம் கட்டக் கிடைக்குமா?

முதன்மையாகச் சம்பளத்துக்குத்தான். ஒவ்வொரு துறையிலும் எத்தனை பணியிடம் என்று பாடவேளைக் கணக்குப் பார்த்து அரசு நிர்ணயிக்கும். அந்தப் பணியிடங்களுக்கான சம்பளப் பட்டியல் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் வழியாகப் போகும். உதவிப் பேராசிரியராகச் சேருபவருக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஊதிய விகிதப்படி அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். அரசுக் கல்லூரியில் இருப்பவருக்கும் இதேதான்.

ஆய்வகக் கருவி, நூலகம் போன்றவற்றுக்கு யு.ஜி.சி.யிடம் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு யு.ஜி.சி. சட்டத்தின் 12பி பிரிவில் கல்லூரி இடம்பெற்றிருக்க வேண்டும். அது மத்திய அரசின் பணம், வேறு கதை.

ஒரே கல்லூரியில் ஒரே பி.காம். என் மகளுக்கு ஒரு கட்டணம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேறு கட்டணம். ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். உங்கள் மகள் சுயநிதிப் பிரிவில் (அரசு மானியம் இல்லாமல் மாணவர் கட்டணத்தில் நடப்பது) இருப்பாள், பக்கத்து வீட்டுப் பெண் உதவிபெறும் பிரிவில் இருப்பாள்.

"எய்டட் காலேஜ்" என்று வாசலில் போர்டு இருக்கலாம். ஆனால் உதவி அந்த போர்டுக்கு வருவதில்லை. குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கும், அதிலுள்ள குறிப்பிட்ட பணியிடங்களுக்கும்தான் வருகிறது. 1980களில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்துவிட்ட பிறகு, புதிய பாடப்பிரிவுகளுக்கு மானியம் கொடுக்கும் வழக்கத்தை அரசு சுருக்கிக்கொண்டது. உதவிபெறும் கல்லூரிகள் என்ன செய்தன? பழைய தமிழ், வரலாறு, இயற்பியல், கணிதம், பி.காம். போன்றவற்றை மானியத்தோடு காலையில் நடத்திக்கொண்டு, பி.சி.ஏ., விஷுவல் கம்யூனிகேஷன், பி.காம். சி.ஏ. போன்ற மவுசுள்ள படிப்புகளைச் சுயநிதியாகத் தொடங்கின. பல கல்லூரிகளில் அது மதியத்துக்கு மேல் நடக்கும் "ஷிப்ட் டூ". கட்டடமும் நூலகமும் ஒன்றுதான். ஆனால் கட்டண ரசீது வேறு, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கும் கை வேறு, அந்தச் சம்பளமும் பெரும்பாலும் மேலே சொன்ன 57,700க்கு எட்டாத தூரத்தில் இருக்கும்.

ஆகவே பணம் கட்டுமுன் அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த சீட் எய்டடா, செல்ஃபா?" வாய்வார்த்தை போதாது. சேர்க்கைக் கடிதத்திலோ ரசீதிலோ அது எழுத்தில் இருக்க வேண்டும்.

பொறியியல் கலந்தாய்விலும் இதே கண்ணிதான். மேலே சொன்ன மூன்று கல்லூரிகளின் பாடப்பிரிவுப் பட்டியலில் சிலவற்றின் பின்னால் "எஸ்.எஸ்." என்று சின்னதாகப் போட்டிருக்கும். அது சுயநிதிப் பிரிவு. அதே பெயரில் எஸ்.எஸ். போடாத பிரிவும் இருந்தால் அது உதவிபெறும் இடம், கட்டணம் மிகக் குறைவு. விருப்பப் பட்டியலை நிரப்பும்போது இதைக் கவனிக்காமல் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டு, ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு முழிப்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

சுயநிதிக் கல்லூரிகள் லாபத்துக்காக நடப்பவைதானே? அவற்றில் படிப்பவர்களுக்கு எதற்கு அரசுப் பணம்?

சட்டப்படி பார்த்தால் அவையும் லாப நோக்கமற்றவைதான். சிரிப்பு வரலாம், ஆனால் ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. அறக்கட்டளை, பதிவுபெற்ற சங்கம் அல்லது லாப நோக்கமற்ற நிறுவனம்தான் கல்லூரி நடத்த முடியும். 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, கல்லூரி தன் வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் அடிக்கக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டணத்தைத் தடை செய்யும் சட்டம் 1992 முதலே இருக்கிறது. நடைமுறையில் அது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சுயநிதிக் கல்லூரிக்கு அரசு சம்பள மானியம் கொடுப்பதில்லை. அங்கே படிக்கும் மாணவரின் கட்டணத்தைத்தான் கொடுக்கிறது. கடந்த 15, 20 ஆண்டுகளில் அரசின் போக்கே இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது: கல்லூரிக்கு நேராகக் கொடுப்பதிலிருந்து மாணவர் பெயரில் கொடுப்பதற்கு. இதில் நல்லதும் உண்டு. நாமக்கல்லில் ஒரு கூலித் தொழிலாளியின் மகன், அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டாலும் பொறியியல் படிக்க முடிகிறது. எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு பணியிடத்துக்கு மானியம் கொடுத்தால் அந்த ஆசிரியர் முப்பது வருடம் அங்கே இருப்பார். மாணவரின் கட்டணமாகக் கொடுக்கும் பணம் ஆசிரியரின் சம்பளமாக மாறுமா, புது பிளாக்காக மாறுமா என்று அரசு கேட்பதில்லை.

சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் "அரசு ஒதுக்கீடு" என்கிறார்களே, அது என்ன?

சிறுபான்மையல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. மிச்சம் நிர்வாக ஒதுக்கீடு. பெரும்பாலான சலுகைகளுக்குத் திறவுகோல் இந்தக் கலந்தாய்வு இடம்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு "முதல் பட்டதாரி சான்றிதழ் இருக்கிறதே" என்றால் பலிக்காது.

முதல் பட்டதாரி சலுகையில் எவ்வளவு கிடைக்கும்?

பொறியியலில் ஆண்டுக்கு 25,000 ரூபாய். 2017இல் நிர்ணயித்தபடி சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணம் 50,000 ரூபாய், என்.பி.ஏ. தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. சலுகை போக முறையே 25,000, 30,000 கட்ட வேண்டியிருக்கும். விடுதி, பேருந்து எல்லாம் தனி.

2010இல் வந்த திட்டம் இது. சாதி வரம்போ வருமான வரம்போ கிடையாது. குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அண்ணன் பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த்துறையிடம் பெற வேண்டும். கலந்தாய்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். ஜூன் மாதத்தில் தாலுகா அலுவலகப் பக்கம் போய்ப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு எல்லாமே இலவசம் என்கிறார்களே, உண்மையா?

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் உண்மை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை, மீன்வளம் போன்ற படிப்புகளிலும் இந்த ஒதுக்கீடு வந்தது. 2021 செப்டம்பரில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் இது பொருந்தும்.

ஆனால் பொதுப் பிரிவில் இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவருக்கு இந்த முழுச் செலவு கிடையாது. சில சமயம் பொதுப் பிரிவில் கொஞ்சம் நல்ல கல்லூரியும், 7.5இல் கொஞ்சம் சுமாரான கல்லூரியும் வரும். நான்கு வருட விடுதிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் பணம் தனியார் கல்லூரியில் படித்தாலும் வருமா?

வரும். மாதம் 1,000 ரூபாய். எந்தக் கல்லூரி என்பதைவிட எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். புதுமைப்பெண் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். அரசுப் பள்ளிகளோடு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இரண்டிலும் உண்டு. தமிழ்நாட்டுக்குள் நேரடி வகுப்பாகப் படிக்க வேண்டும். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடையில்லை.

"எல்லாம் சரியாக இருக்கு, பணம் மட்டும் வரலை" என்பவர்கள் வங்கிக் கணக்கைப் பாருங்கள். மாணவர் பெயரில் இரண்டு கணக்கு இருந்தால், ஆதாரோடு கடைசியாக எது இணைக்கப்பட்டதோ அதில்தான் பணம் விழும். பள்ளியில் படிக்கும்போது ஆரம்பித்து மறந்துபோன கணக்கில் ஆறு மாதப் பணம் அப்படியே கிடப்பது உண்டு.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு?

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பு என்றால் இலவசக் கல்வித் திட்டத்தில் நிபந்தனை எதுவும் இல்லாமல் உதவித்தொகை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் யூ.எம்.ஐ.எஸ். இணையதளத்தில். முதல் வருடம் புதிதாகப் பதிய வேண்டும், அடுத்த வருடங்களில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் அந்த வருடப் பணம் போச்சு.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களிடம் "முதலில் கட்டுங்கள், ஸ்காலர்ஷிப் வந்ததும் தருகிறோம்" என்று கல்லூரி சொல்கிறது. சரியா?

சரியில்லை. போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவர்களுக்கு (குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம்) சுயநிதிக் கல்லூரியிலும் அரசு ஒதுக்கீட்டு இடத்தின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் அரசாணை 92 வந்தது. கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர்களையும் மாநில அரசு இதில் சேர்த்திருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் 2018இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலுக்குப் பிறகு இதில் இல்லை.

கல்லூரிகளின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பணம் தாமதமாக வருகிறது. முன்பு மொத்தமும் கல்லூரிக் கணக்குக்குப் போன நிலை மாறி, 2021 முதல் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் கணக்குக்கு நேரடியாக வருகிறது. அந்தப் பணம் வந்ததும் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். வீட்டில் அதற்குள் வேறு அவசரம் வந்துவிட்டால் அது செலவாகிவிடும், அப்புறம் ஹால் டிக்கெட் சமயத்தில் தகராறு. சின்னக் கல்லூரிகளுக்கு இந்தத் தாமதம் உண்மையிலேயே சுமைதான். அதற்காக ஒரு பிள்ளையைத் தேர்வு எழுத விடாமல் வெளியே நிறுத்துவதை ஏற்க முடியாது. கல்லூரி கேட்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் கேட்டாலே பாதி இடங்களில் பேச்சு மாறும்.

சிறுபான்மைக் கல்லூரி அரசு உதவி வாங்கினால் யாரையெல்லாம் சேர்க்க வேண்டும்?

அரசமைப்புச் சட்டத்தின் 29(2) பிரிவு, அரசு நிதி பெறும் நிறுவனம் மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் யாரையும் மறுக்கக் கூடாது என்கிறது. 30ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் நிறுவனத்தைத் தாங்களே நடத்தலாம் என்கிறது. அதோடு, சிறுபான்மை நிறுவனம் என்பதற்காக உதவி தருவதில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டும் மோதும் இடத்தில் 1991இல் டெல்லி செயின்ட் ஸ்டீபன் கல்லூரி வழக்கில் 50 சதவீதம் வரை தன் சமூகத்தாருக்கு முன்னுரிமை தரலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு கேள்வி, ஜெபக் கூட்டத்துக்கோ சமய வகுப்புக்கோ போயே ஆக வேண்டுமா என்பது. கட்டாயமில்லை. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற நிறுவனத்தில் சம்மதமில்லாமல் யாரையும் உட்காரவைக்க முடியாது, 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இது 28(3) பிரிவு.

எங்கள் ஊர் எய்டட் கல்லூரியில் நிரந்தரப் பேராசிரியர்களே குறைந்துவிட்டார்கள். அரசு மானியத்தை நிறுத்திவிட்டதா?

நிறுத்துவதாக யாரும் அறிவிக்கவில்லை. ஒருவர் ஓய்வுபெறுகிறார். அந்த இடத்தை நிரப்ப அனுமதி கேட்டுக் கோப்பு போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. அதுவரை நிர்வாகம் தன் கையிலிருந்து குறைந்த சம்பளத்தில் ஒருவரை வைத்து வகுப்பு எடுக்க வைக்கிறது. வாசலில் போர்டு அப்படியே இருக்கும், பட்டியலில் பெயர்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வரும்.

வழக்குப் போட்டு உதவியை உரிமையாகக் கேட்க முடியுமா என்றால், அதுவும் கடினம். 2021இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறுவது அடிப்படை உரிமை அல்ல, அது கொள்கை முடிவு என்று சொல்லிவிட்டது.

எய்டட் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாறப்போகின்றன என்று பேச்சு வந்ததே?

2025 அக்டோபரில் தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டத் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. தேவையான நிலப்பரப்பைக் குறைத்ததோடு, இயங்கிக்கொண்டிருக்கும் கல்லூரிகள் பல்கலைக்கழகமாக மாறவும் அது வழிவிட்டது. ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. பொதுப் பணத்தில் வளர்ந்த கல்லூரியில் கட்டணமும் இட ஒதுக்கீடும் என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் கேட்டது. சில நாள்களிலேயே மறுஆய்வுக்காகத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது.

எய்டட் கல்லூரியின் கணக்கு வழக்கைப் பொதுமக்கள் கேட்க முடியுமா?

முடியும். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் கல்லூரிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உதவிபெறும் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, எந்தெந்தப் பாடப்பிரிவு உதவிபெறுவது என்று கேட்டு 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். கல்லூரி இழுத்தடித்தால் அதே கேள்வியை இணை இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், அவர்களிடமும் அந்தப் பட்டியல் இருக்கும்.

கூடுதல் கட்டணம் கேட்டாலோ சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டாலோ யாரிடம் போவது?

கலை அறிவியல் கல்லூரி என்றால் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர். பொறியியல், பாலிடெக்னிக் என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். உதவித்தொகைப் பிரச்சினைக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலரோ பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலரோ. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள், அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1100க்கு அழைத்து முதல்வரின் முகவரியிலும் பதியலாம்.

மூலச் சான்றிதழைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுக்க வேண்டும், நகல் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மனுவில் இந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள். கூடவே கட்டண ரசீது, ஒதுக்கீட்டு ஆணை, இரண்டின் நகலையும் இணையுங்கள். ரசீது தராமல் வாங்கிய பணம் என்றால் தேதி, தொகை, எந்தக் கவுண்ட்டரில் கட்டினீர்கள் என்பதையாவது குறிப்பிடுங்கள்.